வலி மாத்திரைக் கலவைகளும் ஜனங்களின் ஆரோக்கியமும்

தலை நோகிறது, இடுப்பு வலிக்கிறது, உடம்பு கொதிக்கிறது என்று மருந்துக் கடையின் முன் போய் நிற்பவனுக்கு "ஒரு செட் மாத்திரை" கிடைப்பது நமது நகரங்களிலும் கிராமங்களிலும் தினசரி வழக்கமாகிவிட்டது. கடைக்காரர் இரண்டு மூன்று அட்டைகளை எடுக்கிறார்; கத்திரியால் இரண்டிரண்டு மாத்திரையாக நறுக்குகிறார்; சிறு காகித உறையில் போட்டு, காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் உண்ணும்படி சொல்லிக் கொடுக்கிறார். வாங்குகிறவன் மருந்தின் பெயரைக் கேட்பதில்லை, விற்கிறவர் சொல்வதுமில்லை. நறுக்கின துண்டில் பெயரும் அளவும் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. வலி அன்றிரவே தணிகிறது. ஆதலின் மறுமுறையும் அதே கடை, அதே செட். தான் உண்பது இன்னதென்று அறியாமலே லக்ஷக்கணக்கான ஜனங்கள் உண்டு வருகிறார்கள். இதில் அடங்கிய அபாயத்தையும், அதைத் தவிர்க்கும் வழியையும், இவ்விஷயத்தில் சட்டம் இதுவரை செய்ததையும் செய்யத் தவறியதையும் வாசகர்கள் முன் வைப்பது நமது கடமை.

கலவை என்பது யாது?

ஒரே மாத்திரையில் இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு மருந்துகளைக் குறித்த அளவில் சேர்த்து அடைப்பதையே கலவை மருந்து என்கிறோம். வலிக்கு விற்கப்படுவனவற்றில் பெரும்பாலும் பாரஸெட்டமால் இருக்கும். அதனுடன் ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக், அஸெக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் முதலியவற்றில் ஒன்று சேரும். இடுப்புப் பிடிப்புக்கென்று குளோர்ஸாக்ஸஸோன் போன்ற தசை தளர்த்தும் மருந்தும், வீக்கத்துக்கென்று செர்ராஷியோபெப்டிடேஸும் சேர்வதுண்டு. கடும் வலிக்கென்று அபினி இனத்தைச் சார்ந்த டிராமடால் சேரும். தலைவலி மாத்திரைகளில் காப்பிக்கொட்டையின் சத்தாகிய காஃபின் சேரும்.

கலவைகள் எல்லாம் தீயவை என்று நாம் சொல்லவில்லை. க்ஷயம், மலேரியா, எச்.ஐ.வி. ஆகிய நோய்களுக்குக் கலவை மருந்துகள் பெரும் நன்மை செய்துள்ளன. பல் பிடுங்கிய பின் வரும் வலிக்குப் பாரஸெட்டமாலும் ஐபுப்ரொஃபெனும் சேர்ந்து தனித்தனியே செய்வதைவிட அதிகமாகச் செய்கின்றன என்பது பரீக்ஷைகளில் கண்ட உண்மை. வெவ்வேறு வழியில் வலியைத் தணிக்கும் இரண்டு மருந்துகளை, வேண்டியவருக்கு, வேண்டிய நாட்கள் மட்டும், டாக்டர் அறிந்து கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் ஒன்று போதுமான இடத்தில் மூன்றைத் திணிப்பதும், சேர்த்ததால் நன்மை உண்டென்று நிரூபிக்காமலே விற்பதும், உண்பவனுக்கு உள்ளே இருப்பதைத் தெரிவிக்காமல் கொடுப்பதும் குற்றமே.

செர்ராஷியோபெப்டிடேஸையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் பல்லாண்டுகள் விற்ற இம்மருந்தை, பரீக்ஷைகளில் பயன் நிரூபணமாகவில்லை என்று, அதைத் தயாரித்த கம்பெனியே 2011-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சந்தையிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்டது. அதன் பின்னும் நமது நாட்டில் வலி மாத்திரைகளில் அதைச் சேர்த்து விற்பது நிற்கவில்லை. பயனற்றதைச் சேர்த்தால் வலி குறைவதில்லை. விலை மட்டும் கூடுகிறது.

ஹுஸ்க்வார்னா கற்பித்த பாடம்

வலி மருந்துக் கலவைகளின் தீமையை உலகம் ஒரு முறை மிகுந்த விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. ஸ்வீடன் தேசத்தில் ஹுஸ்க்வார்னா என்ற தொழில் நகரம் உண்டு. 1918-ஆம் ஆண்டு விஷ ஜுரம் பரவியபோது அவ்வூர் டாக்டர் ஹ்யோர்ட்டன் என்பவர் ஃபெனஸிடின், ஃபெனஸோன், காஃபின் ஆகிய மூன்றையும் கலந்து ஒரு பொடி கொடுத்தார். ஜுரம் போயிற்று, பொடி போகவில்லை. தொழிற்சாலையிலே வேலை செய்தவர்கள் களைப்புத் தெரியாமல் உழைப்பதற்கென்று அதைத் தினந்தோறும் உண்ணலாயினர். பல வருஷங்களுக்குப் பின், அவர்களிடையே சிறுநீரகம் சுருங்கி மாள்வோர் அதிகமாக இருப்பதை டாக்டர்கள் கண்டனர். 1953-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தில் ஷ்பூலர், ஸோல்லிங்கர் என்ற இருவர், வலி மருந்தை நெடுநாள் உண்டவர்களுக்கு இவ்வித சிறுநீரக நோய் வருவதை எடுத்துக் காட்டினர். ஹுஸ்க்வார்னாத் தொழிலாளர்களைப் பற்றி க்ரிம்லுண்ட் என்பவர் செய்த ஆராய்ச்சி 1963-இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்பிரின், ஃபெனஸிடின், காஃபின் கலந்த பொடிகளைத் தினமும் தண்ணீரில் கலக்கிக் குடித்த ஸ்திரீகள் பலர் இதே கதிக்கு ஆளாயினர். 1979-இல்தான் அங்கே இத்தகைய கலவைகள் டாக்டரின் சீட்டின்றி விற்கக் கூடாதென்று கட்டுப்பாடு வந்தது. நமது நாட்டில் ஃபெனஸிடின் 1983-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அத்தொழிலாளர்கள் விஷத்தை உண்டதாக நினைக்கவில்லை. வேலைக்குப் போக வேண்டும், கூலி குறையக் கூடாது என்ற காரணத்தால் உண்டனர். காஃபின் சேர்ந்திருந்தமையால் உண்ட உடனே சுறுசுறுப்பு வந்தது. உண்ணாத நாளில் தலை இடித்தது. அந்தத் தலை இடிக்கு மறுபடியும் அதே பொடி தேவைப்பட்டது. நமது நாட்டில் மூட்டை தூக்குவோரும், கட்டிட வேலை செய்வோரும், நெடுந்தூரம் லாரி ஓட்டுவோரும், பகல் முழுவதும் குனிந்து நாற்று நடும் பெண்களும் இன்று மாத்திரை உண்பதற்குக் காரணம் வேறல்ல.

உள்ளே நடப்பது என்ன?

ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக், அஸெக்ளோஃபெனாக் முதலிய இனத்து மருந்துகள், வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற சரக்கு உடலில் உற்பத்தியாவதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் இவ்வாறுதான் வேலை செய்கிறது என்பதை ஆங்கில விஞ்ஞானி ஜான் வேன் 1971-இல் கண்டுபிடித்தார். இத்துறையில் செய்த ஆராய்ச்சிக்காக 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால் அதே சரக்குத்தான் இரைப்பையின் உட்புறத்தை அமிலம் அரிக்காமல் காக்கிறது. சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தையும் பேணுகிறது. வலியைத் தடுக்கும்போது இக்காவலும் குன்றுகிறது. ஆகவே இரைப்பைப் புண், கறுத்த மலம், ரத்த வாந்தி, கால் வீக்கம், ரத்தக் கொதிப்பு உயர்தல், சிறுநீரகம் பழுதடைதல், நெடுநாள் உண்போருக்கு மாரடைப்பு என்ற தீமைகள் வரக்கூடும். ரத்தக் கொதிப்புக்குச் சில வகை மருந்துகளும், நீர் பிரிவதற்கான மருந்தும் உண்டு வருபவர்கள் இவ்வினத்து வலி மாத்திரையையும் சேர்த்து உண்டால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி விழுகிறது. வெயிலில் வேர்த்து, தண்ணீர் போதாமல் இருப்பவனுக்கும் இவ்வபாயம் அதிகம்.

பாரஸெட்டமாலின் கதை வேறு. அளவோடு உண்டால் அது மிகவும் நல்ல மருந்து. இரைப்பையைப் புண்ணாக்குவது அரிது. ஆனால் அளவு மீறினால் அது கல்லீரலை அழிக்கும். அம்மருந்தின் ஒரு சிறு பாகம் ஈரலில் நஞ்சாக மாறுகிறது. ஈரலிலுள்ள குளூட்டாதயோன் என்ற பொருள் அந்நஞ்சை முறிக்கிறது. அளவு மிஞ்சும்போது முறிக்கும் பொருள் தீர்ந்து, நஞ்சு ஈரலையே தாக்குகிறது. மது அருந்துவோருக்கும், சரியான உணவின்றி மெலிந்தோருக்கும் அப்பொருள் முன்னமே குறைந்திருக்கும். இதில் கொடுமை யாதெனில், முதல் நாள் குமட்டலைத் தவிர வேறொன்றும் தோன்றாமலிருக்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்தே ஈரல் கெட்டது வெளிப்படும். அஸிட்டைல் ஸிஸ்டைன் என்ற மாற்று மருந்து உண்டு; அளவு மீறிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிக நன்றாக வேலை செய்கிறது. ஆதலால் அளவு மீறி உண்டதாகத் தெரிந்தால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

வயது வந்தவர் ஒரு நாளில் உண்ணத்தக்க பாரஸெட்டமாலின் மேல் எல்லை 4,000 மில்லிகிராம். மெலிந்தவருக்கும், மது அருந்துபவருக்கும், ஈரல் நோயுள்ளவருக்கும் எல்லை இன்னும் குறைவு. இப்போது ஒருவருக்கு ஜுரமும் சளியும் உடம்பு வலியும் சேர்ந்து வந்ததாகக் கொள்வோம். ஜுரத்துக்கு 650 மில்லிகிராம் மாத்திரையை நான்கு வேளை உண்கிறார், அது 2,600. உடம்பு வலிக்கு 325 மில்லிகிராம் பாரஸெட்டமால் அடங்கிய கலவையை மூன்று வேளை உண்கிறார், அது 975. சளி மாத்திரையிலும் 500 மில்லிகிராம் பாரஸெட்டமால் இருக்கிறது. மூன்று வேளைக்கு 1,500. மொத்தம் 5,075 மில்லிகிராம். மூன்று மாத்திரைக்கும் மூன்று பெயர், மூன்று வர்ணம். உள்ளே மூன்றிலும் ஒரே மருந்து. அம்மனிதர் பேராசையால் அதிகம் உண்டவரல்லர். ஒவ்வொன்றையும் சொன்னபடியே உண்டார். குற்றம் மறைந்து நிற்கும் பெயரில் இருக்கிறது.

கலவையின் தீமை இதனோடு முடியவில்லை. ஒரு மருந்தைக் கூட்டி மற்றொன்றைக் குறைக்க டாக்டருக்கு வழியில்லை. தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் எந்த மருந்தால் வந்ததென்று காண்பது கடினம். மாதவிடாய் வலிக்குப் பெண்கள் அதிகமாக உண்ணும் மெஃபெனமிக் அமிலம், டைஸைக்ளோமின் கலவை இதற்கு ஓர் உதாரணம். மெஃபெனமிக் அமிலத்தால் ஜுரம், தோல் தடிப்பு, உள் உறுப்புகளின் பழுது ஆகியவை சேர்ந்த கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்று இந்திய மருந்து நூல் கமிஷன் 2023 நவம்பரில் எச்சரித்தது. டைஸைக்ளோமினோ வாய் உலர்வையும் கண் மங்கலையும் தரும். டிராமடால் சேர்ந்த கலவைகள் மயக்கமும் மலச்சிக்கலும் தருவதோடு வலிப்பையும் கொணரலாம், மனச்சோர்வுக்கான சில மருந்துகளுடன் சேரின் விபரீதமாகலாம், பழக்கமாகவும் கூடும். இக்காரணத்தாலேயே டிராமடாலை 2018-இல் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தார்கள்.

தலைவலிக்கென்று கலவை மாத்திரைகளை மாதம் 10 நாட்களுக்கு மேல், மூன்று மாதங்களுக்கு மேலாக உண்டு வந்தால், அம்மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் நோயாக மாறுகிறது. தனி வலி மருந்துக்கு இவ்வெல்லை மாதம் 15 நாள். கலவைக்கு எல்லை குறைவாயிருப்பதே அதன் குணத்தைக் காட்டும்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

நமது மருந்துச் சட்டத்தின் வரலாறே இத்தகைய அநீதியிலிருந்து பிறந்தது. கலப்பட மருந்துகளும் தரங்கெட்ட மருந்துகளும் கட்டுப்பாடின்றி விற்றதன் விளைவாக 1930-இல் கர்னல் சோப்ரா தலைமையில் விசாரணைக் கமிட்டி நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கையின் பயனாக 1940-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பயனற்ற அல்லது தீங்கான மருந்துகளைத் தடை செய்யும் அதிகாரத்தை 26-ஏ பிரிவு மத்திய சர்க்காருக்குக் கொடுக்கிறது.

அதிகாரம் இருந்தும் பல்லாண்டுகள் நடந்தது என்ன? புதிய கலவை புதிய மருந்தாகவே கருதப்பட்டு மத்திய அதிகாரியின் அனுமதி பெற வேண்டும் என்பது விதி. ராஜ்ய அதிகாரிகளோ அவ்வனுமதியைக் கேளாமலே லைசென்ஸ் வழங்கினார்கள். 2012 மே மாதம் பார்லிமெண்டரி கமிட்டி இதைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, நமது நாட்டில் விற்கும் வலி மருந்துக் கலவைகளை எண்ணிப் பார்த்தது. 124 கலவைகளில் 34-க்கு மட்டுமே மத்திய அனுமதியின் பதிவு காணப்பட்டது. அதாவது நான்கில் மூன்று பங்குக்கு அனுமதிப் பதிவே இல்லை.

2016 மார்ச் 10-ஆம் தேதி மத்திய சர்க்கார் 344 கலவைகளை ஒரே நாளில் தடை செய்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குச் சென்றன. சட்டம் குறிக்கும் மருந்து ஆலோசனை சபையைக் கலவாமல் செய்ததென்று டெல்லி ஹைக்கோர்ட் அதே டிசம்பரில் தடையைத் தள்ளிற்று. 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் விஷயத்தை அந்த ஆலோசனை சபையின் பரிசீலனைக்கு அனுப்பியது; 1988 செப்டம்பர் 21-க்கு முன்பிருந்தே தயாராகி வந்த 15 கலவைகளை மட்டும் அதிலிருந்து விலக்கிற்று. சபை ஆராய்ந்தபின் 2018 செப்டம்பரில் 328 கலவைகள் மறுபடி தடை செய்யப்பட்டன. 2023 ஜூனில் 14 கலவைகள் தடைப்பட்டன. நிமெஸுலைடும் பாரஸெட்டமாலும் சேர்ந்து தண்ணீரில் கரையும் மாத்திரை அவற்றுள் ஒன்று. 2024 ஆகஸ்டில் 156 கலவைகள் தடைப்பட்டன. 50 மில்லிகிராம் அஸெக்ளோஃபெனாக், 125 மில்லிகிராம் பாரஸெட்டமால் சேர்ந்த மாத்திரையும், டிராமடால், பாரஸெட்டமால், காஃபின், டாரின் என்ற நான்கும் சேர்ந்ததும் அவற்றில் அடங்கும். கடைகளில் மிகுதியாக விற்கும் 100 மில்லிகிராம் அஸெக்ளோஃபெனாக், 325 மில்லிகிராம் பாரஸெட்டமால் மாத்திரை அத்தடையில் சேரவில்லை.

வழக்காடுவது கம்பெனிகளின் உரிமை. விதிப்படி நடக்கச் சொல்வது நீதி ஸ்தலத்தின் கடமை. இவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால் அனுமதிக்கு முன் செய்ய வேண்டிய பரிசீலனையை விற்பனைக்குப் பின் செய்யப் புகுந்ததால், அனுமதியற்ற சரக்கு வருஷக்கணக்கில் ஜனங்களின் வயிற்றில் பரிசோதிக்கப்பட்டது. அந்த நஷ்டத்துக்கு யார் ஈடு செய்வது? விலை விஷயத்திலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலுள்ள தனிப் பாரஸெட்டமாலுக்கு உச்ச விலை உண்டு. பட்டியலில் இல்லாத கலவைக்கு உச்ச விலை இல்லை; வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாதென்ற தடை மட்டுமே உண்டு. கட்டுப்பட்ட மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்தால் கட்டு அவிழ்கிறது. கலவைகள் பெருகியதற்கு வைத்திய சாஸ்திரம் மட்டும் காரணமல்ல என்பதை இதிலிருந்து வாசகர்கள் ஊகிக்கலாம்.

செய்ய வேண்டுவன

ஏழைக்கு டாக்டரிடம் போக நேரமில்லை, ஒரு நாள் கூலி போய்விடும் என்று சிலர் வாதிக்கலாம். வாதம் நியாயமானதே. ஆனால் அதன் முடிவு, ஏழை எதை வேண்டுமாயினும் உண்ணட்டும் என்பதாக இருக்கலாகாது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. அவற்றிற்கு மருந்து வாங்கித் தர 1994-இல் தனிக் கார்ப்பொரேஷனே ஏற்பட்டிருக்கிறது. அங்கே மருந்து இலவசம். அந்நிலையங்கள் கூலி வேலை முடிந்த மாலை வேளையிலும் திறந்திருக்க வேண்டுமென்று கேட்பதே சரியான கிளர்ச்சி.

அதுவரை ஒவ்வொருவரும் கைக்கொள்ளத்தக்க சில விதிகள் உண்டு. சாதாரண ஜுரத்துக்கும் வலிக்கும் தனிப் பாரஸெட்டமாலே முதல் மருந்து. 500 மில்லிகிராம் போதுமானால் அதற்கு மேல் வேண்டாம். இரண்டு வேளைக்கு இடையே நான்கு மணி நேரமாவது செல்லட்டும். அட்டையில் சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரைப் படித்து, ஒரே பெயர் இரண்டு மாத்திரையில் வராமல் பார்க்க வேண்டும். நறுக்கின துண்டில் பெயர் இல்லையானால் வாங்கலாகாது. காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயமுள்ள காலத்தில் ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் சேர்ந்த எதையும் தொடலாகாது; ரத்தக் கசிவு மிகும். கர்ப்பத்தின் 20-ஆம் வாரத்துக்குப் பின் இவ்வினத்து மருந்துகளை டாக்டர் சொன்னாலன்றி ஸ்திரீகள் உண்ணலாகாது. குழந்தைகளுக்குப் பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கலாகாது. 12 வயதுக்குட்பட்டவருக்கு நிமெஸுலைட் 2011-லேயே தடை செய்யப்பட்டது. இரைப்பைப் புண், சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் டாக்டரைக் கேளாமல் எந்த வலிக் கலவையும் உண்ணலாகாது. ஜுரம் மூன்று நாளுக்கு மேலும், வலி ஐந்து நாளுக்கு மேலும் நீடித்தால் மாத்திரையை மாற்றுவதை விட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். மலம் கறுத்தாலும், கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் குறைந்தாலும், முகம் வீங்கினாலும் மாத்திரையை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க. மருந்தால் தீமை நேர்ந்தால் 1800-180-3024 என்ற இலவசத் தொலைபேசியில் மருந்து கண்காணிப்பு இயக்கத்துக்குத் தெரிவிக்கலாம். இந்தப் புகார்களே பிற்காலத் தடைகளுக்குச் சாக்ஷியமாகின்றன.

ஊர்தோறும் பொதுக்காரியம் செய்து வரும் நமது வாசகர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. டைக்ளோஃபெனாக் முதலியவை டாக்டரின் சீட்டின்றி விற்கத்தகாதவை என்று விதிகள் சொல்லுகின்றன. அவ்விதி தங்கள் ஊரில் நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். மாத்திரை அட்டையின் ஒவ்வொரு குழியின் பின்னும் மருந்தின் பெயரும் அளவும் அச்சிட வேண்டுமென்றும், தமிழிலும் அச்சிட வேண்டுமென்றும் சட்டசபை அங்கத்தினர்களைக் கேட்க வேண்டும். தொழிற் சங்கக் கூட்டங்களில், மாதர் சங்கங்களில், பத்து நிமிஷமாவது இதைப் பற்றிப் பேச வேண்டும். இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டிலிருந்து சாதாரணக் கடையில் ஒரு பொட்டலத்துக்கு 16 பாரஸெட்டமால் மாத்திரைக்கு மேல் விற்கத் தடையுண்டு. ஒரு சர்க்கார் மனம் வைத்தால் இவ்வளவு எளிய காரியமும் உயிரைக் காக்கும் காரியமாகிறது.

வலியைப் பொறுத்துக்கொள் என்று ஜனங்களுக்கு உபதேசிப்பது நமது எண்ணமல்ல. உழைத்து நொந்த உடம்புக்கு மருந்து கேட்பது நியாயமே. அந்த மருந்து இன்னதென்று அறிவதும், அது தனக்கு வேண்டியதுதானா என்று கேட்பதும் அவனுக்குள்ள உரிமை. அவ்வுரிமையை அடுத்த முறை மருந்துக் கடையின் முன் நிற்கும்போதே உபயோகிக்கத் தொடங்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.